1923 என்று போட்ட சோவியத் தங்கக் காசு, தங்க விலைக்கே கிடைக்கிறது: வாங்கலாமா?

கேள்வி: சார், ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். அப்பா மதுரையில் இருக்கிறார், ஒரு காலத்தில் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களாக வாங்கிக் குவித்தவர். அவர் மூலமாக எனக்கும் அந்தக் காலத்தின் மீது ஒரு பிடிப்பு. ஆரம்பகால சோவியத் தங்கக் காசுகளைச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். விவசாயி விதை தூவுகிற படம் போட்ட 1923 செர்வோனெட்ஸ் ஒன்றை ஒருவர் ஆன்லைனில் அன்றைய தங்க விலைக்கு மேல் ஐந்து சதவீதம் வைத்துத் தருகிறேன் என்கிறார். கேரட் மீட்டரில் 900 காட்டிய ரசீது அனுப்பியிருக்கிறார், எடை 8.60 கிராம். படங்கள் இணைத்திருக்கிறேன். வாங்கலாமா? எத்தனை காசு சேர்த்தால் தொகுப்பு முழுமையாகும்? அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு (சதாபிஷேகம் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்) ஒன்றைக் கையோடு கொண்டுபோக முடியுமா?

பதில்: இந்தக் காசை வாங்காதீர்கள். ஐந்து படம் அனுப்பியிருக்கிறீர்கள், முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, தராசில் வைத்தது ஒன்று. விளிம்பு ஒன்றில்கூட இல்லை. விதைப்பவர் காசில் நான் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான், அதைக் காட்டாதவரிடம் மற்ற எதையும் பார்க்க வேண்டியதில்லை.

கேரட் மீட்டர் ரசீதைப் பார்த்து உங்களுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது என்று தெரிகிறது. அது பொய் ரசீதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, காசு நிஜமாகவே 900 தங்கமாக, அதாவது ஆயிரத்தில் தொள்ளாயிரம் பங்கு சுத்தத் தங்கமாக, இருக்கலாம். சிக்கலே அங்கேதான். சோவியத் அரசு இதே காசை, இதே படம், இதே எடை, இதே தங்கத்தில் 1975 முதல் 1982 வரை, அந்தந்த ஆண்டைப் போட்டு, மறுபடியும் அடித்தது, 1980 மாஸ்கோ ஒலிம்பிக் சமயத்தில் வெளிநாட்டவர்களுக்கு நிறைய விற்றது. பல ஆண்டுகளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் காசு வரை அடித்தார்கள். அந்தக் காசுகள் இன்றைக்கும் தங்க விலையை ஒட்டித்தான் கைமாறுகின்றன, அது நியாயமும்கூட. ஆனால் நிஜமான 1923 காசு தங்க விலையைத் தாண்டிக் கணிசமாகப் போகும். அது தெரியாத வியாபாரி இந்தத் தொழிலில் இல்லை. தங்க விலைக்கு 1923 தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் திருடி வைத்திருக்கிறார், இல்லை அது 1923 இல்லை.

சரி, காசு என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதைத் தேடுகிறீர்கள் என்பது உங்களுக்கே தெளிவாகும்.

புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவில் நடந்த உள்நாட்டுப் போர் முடிந்தபோது ரூபிள் குப்பைக் காகிதமாகியிருந்தது. நிதித்துறைக்குப் பொறுப்பாக இருந்த கிரிகோரி சொகோல்னிகோவ், தங்கத்தோடு கட்டிப்போட்ட புதுப் பணம் இல்லாமல், தனியார் வணிகத்துக்கு ஓரளவு இடம் கொடுத்த லெனினின் புதிய பொருளாதாரக் கொள்கை நடக்காது என்று உறுதியாக நின்றார். 1922 அக்டோபரில் செர்வோனெட்ஸ் பிறந்தது. முதலில் அரசு வங்கியின் காகித நோட்டு, அதில் குறைந்தது 25 சதவீதத்துக்குத் தங்கமும் நிலையான வெளிநாட்டு நாணயமும் பின்னால் இருக்க வேண்டும், மீதிக்குச் சரக்கும் வணிகர்களின் கடன் உண்டியலும். நோட்டைக் கொடுத்துத் தங்கம் வாங்கிக்கொள்ளலாம், அதற்கான நாள் பின்னால் அறிவிக்கப்படும் என்று நோட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். அந்த நாள் வரவே இல்லை. தங்கக் காசு மட்டும் வந்தது, 1923 என்ற ஆண்டோடு, பெத்ரோகிராத் (பின்னாளில் லெனின்கிராத்) அக்கசாலையில் அடித்து.

அதன் அளவைப் பாருங்கள். மொத்த எடை 8.60 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.74 கிராம், மீதி செம்பு, அதனால்தான் அந்தச் செக்கச்செவேல் நிறம். நம்ம ஊர்க் கணக்கில் பழைய ராஜா ராணி சவரன் 7.98 கிராம், சுத்தத் தங்கம் 7.32, ஆக செர்வோனெட்ஸ் அதைவிடக் கொஞ்சம் கனம், கேரட்டில் ஒரு முடி குறைவு. இந்த 7.74 என்ற எண் எங்கிருந்து வந்தது? இரண்டாம் நிக்கோலாய் ஜார் அடித்த பத்து ரூபிள் தங்கக் காசிலிருந்து, அப்படியே. ஜாரைச் சுட்டுக் கொன்று நான்கு வருடம் ஆகியிருந்தது, ஆனால் அவர் காசின் எடையை மாற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை, ஏனென்றால் சந்தையில் ஜனங்கள் நம்பியது அந்த எடையைத்தான். 1918-லேயே மெட்ரிக் அளவை ஏற்றுக்கொண்ட அரசு, 1923 காசின் விளிம்பில் "சுத்தத் தங்கம் 1 ஸொலொத்னிக் 78.24 தோலி" என்று பழைய அளவையில் எழுதியது. ஒரு ஸொலொத்னிக் 4.27 கிராம் சுமார், அதில் 96-ல் ஒரு பங்கு ஒரு தோலி. கூட்டிப் பாருங்கள், 7.74 வரும்.

அந்த வாசகத்தின் முடிவில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்து இருக்கும். ரஷ்ய எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. முதல் எழுத்து வாசற்கால் மாதிரி, இரண்டு தூணும் மேலே ஒரு உத்தரமும். இரண்டாவது கூடாரம் மாதிரி, கீழே திறந்திருக்கும். பி, எல் என்ற அந்த இரண்டும் அக்கசாலையில் காசு அடிப்புக்குப் பொறுப்பாக இருந்த பியோத்தர் லத்திஷேவின் முதலெழுத்துகள். எழுபதுகளில் அடித்த காசில் அவர் எழுத்து இருக்க முடியாது. வாசற்காலும் கூடாரமும் இல்லையென்றால் முகத்தில் 1923 என்று எவ்வளவு அழகாகப் போட்டிருந்தாலும் அது 1923 காசு இல்லை. விற்பவர் உங்களிடம் சொல்லியிருக்கிறாரே, "ருஷ்ய சோஷலிச கூட்டாட்சிக் குடியரசின் சின்னம் போட்டிருக்கிறது, அதனால் ஆரம்பகாலம்தான்" என்று, அந்த வாதம் செல்லாது. எழுபதுகளின் காசிலும் அதே பழைய சின்னம்தான், வடிவத்தையே அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இனி பரிசோதனை. உங்களிடம் 0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசு இருந்தால் போதும். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கிற காற்றுக் குமிழியைத் தட்டிவிடுங்கள். தராசு 0.50 காட்டினால் 900 தங்கத்துக்குச் சரி, 0.01 முன்பின் இருக்கலாம். முலாம் பூசிய பித்தளை என்றால் ஒரு கிராமை நெருங்கும், உள்ளே டங்ஸ்டன் என்றால் 0.45 பக்கம் இறங்கும். கேரட் மீட்டர் மேல்தோலைத்தான் பார்க்கும், தண்ணீர் முழுக் காசையும் பார்க்கும். ஆனால் இதெல்லாம் "தங்கமா" என்ற கேள்விக்கான பதில். "எந்த வருடம்" என்பதை எந்தத் தண்ணீரும் சொல்லாது.

இதில் நானே ஏமாந்தவன், அதனால் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வியாபாரியிடம் 1923 காசு ஒன்று வாங்கினேன், எடை சரி, தங்கம் சரி, விளிம்பு எழுத்தும் இருந்தது. விதைப்பவரின் முழங்காலுக்குக் கீழே அரிசி முனை அளவுக்கு ஒரு சின்ன வெட்டு. புழங்கிய காசில் வெட்டு இருக்கும்தானே என்று விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து வேறு ஊரில் வேறு ஆளிடம் இன்னொரு காசு பார்த்தேன், அதே முழங்கால், அதே வெட்டு, அதே சாய்வு. ஒரு நிஜக் காசை அச்சாக எடுத்து நல்ல தங்கத்திலேயே அடித்த போலிகள் இரண்டும். ஏன் தங்கத்திலேயே அடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். தங்கத்துக்கும் 1923-க்கும் இடையில் இருக்கிற விலை வித்தியாசமே லாபம், அது போதாதா. அன்றிலிருந்து ஒரு காசு பிடித்துவிட்டால் பழைய ஏலப் படங்களோடு ஒப்பிட்டு, அதே கீறல் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடாமல் நான் பணம் எடுப்பதில்லை. கூடவே, மடிப்புகள் மழுங்கிச் சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறதா, லென்ஸில் பரப்பில் ஊசித்துளைகள் தெரிகிறதா, எழுபதுகளின் ஆண்டைச் சுரண்டி 1923 ஆக்கியதுபோல, ஆண்டின் கடைசி இரண்டு எண்களைச் சுற்றித் தளம் வேறு மாதிரி பளபளக்கிறதா என்றும் பாருங்கள்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நிஜக் காசைக் கையில் எடுத்தால் இதற்காகத்தான் மனசு போகும். சிற்பி இவான் ஷாத்ர் 1922-ல் அரசு அச்சகத்துக்காக, பணத்தில் போடுவதற்கென்றே சில உருவங்களைச் செய்தார், தொழிலாளி, விவசாயி, செம்படை வீரர், விதைப்பவர். ஷாத்ரின்ஸ்க் என்ற தன் சொந்த ஊருக்கே போய், பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த பொர்ஃபிரி கல்கானொவ் என்ற நிஜ விவசாயியை நிறுத்தி வைத்து விதைப்பவரைச் செய்தார். அதைக் காசுக்கு ஏற்றவர் அக்கசாலையின் மூத்த பதக்கக் கலைஞர் அந்தோன் வஸ்யுத்தின்ஸ்கி, ஜார் காலத்திலிருந்தே அங்கே வேலை பார்த்தவர். நெருங்கிப் பார்த்தால் பின்னால் ஒரு பக்கம் கலப்பை, மறுபக்கம் புகை கக்குகிற ஆலை. 22.6 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் இவ்வளவும். புழங்கிய காசில் முதலில் தேய்வது வீசுகிற கையும் முன்னால் வைத்த காலும், ஆகவே தரம் பார்க்கும்போது அந்த இரண்டு இடத்தைப் பாருங்கள்.

அடுத்தது, எத்தனை காசு சேர்த்தால் முழுமை என்று கேட்டீர்கள். சிரிக்காதீர்கள், ஒன்று. ஆரம்பகால சோவியத் தங்கம் என்றால் புழக்கத்துக்கு வந்த ஒரே வடிவம் இந்த 1923 தான், மொத்தம் 27,51,200 காசு அடித்தார்கள். சோவியத் ஒன்றியம் உருவான பிறகு புதுச் சின்னத்தோடு 1925 ஆண்டிட்ட செர்வோனெட்ஸ் ஒன்றைத் தயார் செய்தார்கள், அது புழக்கத்துக்கே வரவில்லை, தங்கத்தில் தெரிந்தவை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆகவே யாராவது உங்களிடம் 1925 தங்கக் காசு விற்க வந்தால் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு காசு இருக்கிறது, எனக்கு விதைப்பவரைவிட அதுதான் பிடிக்கும். அதன் மேல் ஜார் நிக்கோலாயின் தலை இருக்கும். சோவியத் சின்னம் போட்ட தங்கத்தை வாங்க வெளிநாட்டு வணிகர்கள் முகம் சுளித்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். விளைவு என்னவென்றால், 1925-லும் 1926-லும் லெனின்கிராத் அக்கசாலை பழைய ஜார் கால வடிவத்தை எடுத்து இருபது லட்சத்துக்கும் மேல் பத்து ரூபிள் காசும், பத்து லட்சம் ஐந்து ரூபிள் காசும் அடித்தது. லெனின் பெயர் வைத்த ஊரில், லெனின் இறந்த மறுவருடம், ஜார் முகத்தோடு காசு! அப்படி அடித்தது இதுதான் என்று சேகரிப்பவர்கள் பெரும்பாலும் சந்தேகிப்பது 1911 என்று போட்ட பத்து ரூபிள் காசைத்தான், ஏனென்றால் அந்த வருடக் கணக்கில் காட்டியது 50,011 காசு மட்டும், சந்தையிலோ அது எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது. தங்க விலையை ஒட்டி வாங்கலாம், உங்கள் தொகுப்பில் விதைப்பவருக்குப் பக்கத்தில் அதை வைத்தால் அந்தப் பத்தாண்டுகளின் கதை பாதி சொல்லியாகிவிட்டது. மூன்றாவதாக எழுபதுகளின் காசு ஒன்று. அதற்கு மேல் ஆசையிருந்தால் தங்கத்தை விட்டு, 1922 செர்வோனெட்ஸ் காகித நோட்டுகள் பக்கம் போங்கள், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து மறுபக்கம் வெறுமையாக இருக்கும் நோட்டுகள், அதையும் நல்ல நிலையில் தேடுவது தனிப் பைத்தியம்.

நிஜ 1923 காசு ஏன் அவ்வளவு எண்ணிக்கைக்கு இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்றால், உருகிப் போனது நிறைய. உள்நாட்டில் இருந்த தங்கத்தை அரசே உறிஞ்சியது. 1931 முதல் 1936 வரை தோர்க்சின் என்ற கடைகள் இருந்தன, 1932-33 பஞ்சத்தில் ஜனங்கள் கல்யாண மோதிரத்தையும் ஒளித்து வைத்த தங்கக் காசையும் கொடுத்து மாவு வாங்கியது அங்கேதான். சுத்தத் தங்கம் ஒரு கிராமுக்கு 1 ரூபிள் 29 கோபெக் கொடுத்தார்கள். 7.74-ஐ 1.29-ஆல் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்டப் பத்து ரூபிள், ஒரு செர்வோனெட்ஸ் காசின் முகமதிப்பும் அதே பத்து ரூபிள்தான். பசியில் நின்றவருக்கு அரசு ஒரு கோபெக் கூடக் கூட்டித் தரவில்லை. பிறகு தங்கக் காசையும் வெளிநாட்டுப் பணத்தையும் வாங்கி விற்பதே ஆபத்தான குற்றமாகிவிட்டது, 1961-ல் ரொகோத்தொவ், ஃபைபிஷென்கோ, யாகொவ்லெவ் என்ற மூன்று பேரை இதற்காகச் சுட்டுக் கொன்றார்கள், அதுவும் அவர்கள் கைதான பிறகு தண்டனையைக் கடுமையாக்கி. ஆகவே இந்தக் காசுக்கு "தாத்தா வாங்கிய ரசீது" என்று யாராவது காட்டினால் எனக்கு நம்பிக்கை வராது, சந்தேகம்தான் வரும். யார் ரசீது வைத்துக்கொண்டிருப்பார்கள்?

வாங்கும் இடம் என்று பார்த்தால், ஜெர்மனியில் இருப்பது உங்களுக்கு வசதி. பழைய, பெயருள்ள நாணய ஏல நிறுவனங்கள் அங்கே நிறைய, போலி என்று பின்னால் தெரிந்தால் திருப்பி எடுப்பீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். என்ஜிசி, பிசிஜிஎஸ் மாதிரி, காசைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்கள் பெட்டியில் அடைத்த காசாக இருந்தால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள், பெட்டியையே போலியாகச் செய்கிறவர்களும் உண்டு. ரஷ்யாவிலிருந்து நேரடியாகத் தருவிக்க நினைக்காதீர்கள். 2022 ஜூலையிலிருந்து ரஷ்யத் தங்கத்தை அங்கிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டிருக்கிறது, அந்தப் பக்கத்திலும் நூறு வயதுக் காசை வெளியே விட அனுமதி கேட்பார்கள். ஏற்கெனவே ஐரோப்பாவுக்குள் சுற்றுகிற காசாகப் பாருங்கள். வாங்கி ஒரு வருடம் கையில் வைத்திருந்து விற்றால் தனிநபருக்கு அங்கே லாபத்தின் மேல் வரி இல்லை என்பதால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வாங்கியதும் தயவுசெய்து துடைக்காதீர்கள். புளி, பூந்திக்கொட்டை, பற்பசை, ஆசாரியிடம் கொடுத்து ஒரு பாலிஷ், எதுவும் வேண்டாம். செம்பு கலந்த தங்கத்தில் செம்புள்ளிகள் வரும், அது நோய் இல்லை. தேய்த்தால் அந்த நிமிடமே அது சேகரிப்பவர் காசிலிருந்து இறங்கி உருக்குகிற காசாகிவிடும். அப்புறம் விளிம்பின் உச்சியில், பன்னிரண்டு மணி இடத்தில், பற்றாசு வைத்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள், காசுமாலைக்கோ டாலருக்கோ வளையம் பற்ற வைத்து எடுத்த காசு பாதி விலைகூடப் பெறாது.

கடைசியாக அப்பா. இங்கேதான் நீங்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. பயணியாக வரும்போது கிடைக்கிற வரியில்லாச் சலுகை நகைக்குத்தான், தங்கக் காசுக்கு இல்லை, ஆகவே எந்தக் காசானாலும் விமான நிலையத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, அன்றைய விகிதப்படி வரி கட்ட வேண்டும். அது பெரிய விஷயமில்லை. ஆனால் 1923 காசுக்கு இப்போது நூறு வயது தாண்டிவிட்டது. இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான காசு தொல்பொருள், அதைத் தனிநபர் நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போக முடியாது. மதுரைக்குப் போன விதைப்பவர் லைப்சிக்குக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வார். 1911 காசுக்கும் அதே கதிதான்.

அதனால் அப்பாவுக்கு 1976 அல்லது 1977 காசு ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள். அதே விவசாயி, அதே கலப்பை, அதே ஆலைப்புகை, "உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள்" என்ற அதே வாசகம். தங்க விலைக்குக் கிடைக்கும், போலி அடிக்க யாருக்கும் பெரிய லாபம் இல்லை, அவர் அந்தப் புத்தகங்களை வாங்கிக்கொண்டிருந்த வருடங்களில் அடித்த காசும்கூட. உங்கள் 1923 காசை லைப்சிக்கிலேயே வைத்துவிட்டு வீடியோ காலில் காட்டுங்கள். அதற்கு முன்னால் அந்த விற்பனையாளரிடம் விளிம்பை நான்கு பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன், ஆனால் அவர் அனுப்ப மாட்டார்.